செயலியோடு வரும் தம்பி தங்கைகளுக்கு

பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவை சரவணம்பட்டியிலும் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே, கிடைக்கிற சனி ஞாயிறில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கைகொடுக்க நினைக்கிற தம்பிகளே, தங்கைகளே,



சிறு தொண்டு நிறுவனங்களுக்கு உங்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்தான்: "உங்களுக்கு ஒரு ஆப் செய்து தருகிறோம், இலவசமாக." மனசு நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியை அந்த மின்னஞ்சலில் தேடினாலும் கிடைக்காது. நிறுவனத்தின் செயலாளரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சும்மா வருவதை யார் மறுப்பார்கள்? அப்புறம் இரண்டு நாள் ஹேக்கத்தான், ஆளுயர அட்டைக் காசோலை, குழுவாக ஒரு போட்டோ. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் செயலியை எழுதியவர் பெங்களூருக்கு வேலை மாறியிருப்பார். சர்வர் வாடகையைக் கட்ட ஆள் இருக்காது. களப்பணிக்குப் போகிற அக்கா பழையபடி கோடு போட்ட நீள நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அந்த நோட்டு ஒரு நாளும் அப்டேட் கேட்டதில்லை.

தொழில்நுட்பத்தை வைத்து நன்றாகவே நடத்திக் காட்டிய காரியங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அவை நடந்தபோது உங்களில் பலர் சிறு பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1998-இல் சென்னை தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையத்தின் (ஐ.டி.ஆர்.சி.) நிதியுதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் கிளைகள். ஊருக்குள் தொலைபேசி இணைப்பையே நம்ப முடியாத காலம். போலீஸ்காரர்கள் கையில் இருக்குமே, அந்த மாதிரி வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவிகளைக் கணினியோடு இணைத்து, பேச்சையும் எழுத்தையும் அனுப்பினார்கள். மின்சாரம் போனால் சூரியத் தகடு. கருவிகளை வாங்குவதற்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தார்கள்: ஊர்க்காரர்கள் எந்தத் தகவலை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். மையத்துக்கான இடத்தை ஊரே தர வேண்டும், அது எல்லாச் சாதியினரும் தயங்காமல் நுழையக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். மையங்களைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர்களில் பெண்கள் நிறைய. நெல் விலை, உர விலை, அரசுத் திட்டம் யாருக்குக் கிடைக்கும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பவைதான் அவர்கள் கையாண்ட தரவு. 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகைகூட அச்சில் வந்தது. இணையத்தின் பலன், கணினியைத் தொட்டே பார்க்காதவர் கைக்குக் காகிதமாகப் போனது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். வங்கக் கடலின் அலை உயரத்தை முன்கூட்டியே கணித்து அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிட்டுவந்தது. வில்லியனூர் மையத்தில் ஒருவர் அதை இறக்குவார், தமிழில் ஆக்கி வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார். அங்கே ஒலிபெருக்கியில் படிப்பார்கள். வலை பின்னுகிறவர் காதிலும் விழும், கூடையோடு போகிற அம்மா காதிலும் விழும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, போன் வாங்க வேண்டியதில்லை, யாரும் எதிலும் லாகின் செய்ய வேண்டியதில்லை. உலகத்தின் மிகப் பெரிய கடற்படை ஒன்றின் கணிப்பு, கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிற குழாய் வழியாகக் கரைக்கு வந்து சேர்ந்தது. இதை வடிவமைத்தவர்களுக்கு உங்கள் துறையில் என்ன பட்டம் கொடுப்பீர்களோ தெரியாது. கடைசி நூறு அடியை யார், எதை வைத்துக் கடக்கிறார்கள் என்பதை அவர்கள் முதலிலேயே யோசித்திருந்தார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். விஷயம் தெரிந்தவர்கள் தகவல் மையத்துக்கு ஓடினார்கள். பூட்டியிருந்த கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வசித்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின, உயிர்கள் தப்பின. இந்தியப் பெருங்கடலுக்கு அன்றைக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு என்று எதுவும் கிடையாது. நல்லவாட்டு மையமும் சுனாமியை நினைத்து வைத்ததில்லை. ஆனால் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, அதை எப்படிப் போடுவது என்று ஊரில் பலருக்குத் தெரிந்திருந்தது. அதில் வருகிற சேதியை நம்பலாம் என்பது வருடக்கணக்கில் தினசரி அறிவிப்பைக் கேட்டு வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை இரண்டு நாள் ஹேக்கத்தானில் உண்டாக்க முடியாது.

மையங்களைத் தொடங்கிய சுவாமிநாதன் நிறுவனமே பிற்பாடு மீனவர்களுக்கென்று கைபேசிச் செயலியும் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்திடமிருந்து வரும் தரவை வைத்து அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி எல்லாம் சொல்லும். சர்வதேசக் கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். ராமேஸ்வரம் பக்கத்து மீனவருக்கு அந்தக் கடைசி வசதியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆகவே செயலி என்றாலே எனக்கு ஆகாது என்று எண்ணிவிடாதீர்கள். வரிசையைக் கவனியுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஏறத்தாழ பத்து வருடம் கரையில் இருந்து, மீனவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு செயலி வந்தது.

அரவிந்த் கண் மருத்துவமனையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. 2000-களின் நடுவில் தேனி மாவட்டக் கிராமங்களில் சிறு பார்வை மையங்களை அமைத்தபோது, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் நாம் வைத்திருக்கிற அதே வைஃபை. அதைத் திசை பார்த்துக் கட்டிய ஆன்டெனா வைத்துப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பும்படி மாற்றினார்கள். கிராமத்து மையத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பார். தேனி மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வெப்கேமரா வழியாக நோயாளியோடு பேசுவார். அறுவை சிகிச்சை தேவையில்லாதவர் பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் மிச்சப்படுத்தி அங்கேயே கண்ணாடியோ சொட்டு மருந்தோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கண்டுபிடித்தவர்களுக்குத் தலைவலி கொடுத்தது மின்சாரம். திடீரென்று எகிறும் வோல்டேஜ், சரியாகப் போடாத எர்த், வடிந்துபோன பேட்டரி. இதனால் கருவிகள் எரிந்தன, நினைவக அட்டைகள் கெட்டன. மாடியில் ஏறி எது போயிருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் பெர்க்லியிலிருந்து ஆள் வர முடியுமா? மின்சாரத்தைச் சமாளிக்கத் தனியாகச் சாதனம் செய்தார்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கே பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 2008-இல் அந்தக் குழு எழுதிய ஆய்வுக் கட்டுரையின் விஷயமே, சோதனைக் கட்டம் முடிந்த பிறகு கிராமப்புற இணைப்பை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதுதான். கணினி அறிவியல் படித்தவர்கள் எர்த் கம்பியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தேடிப் படியுங்கள். நீங்கள் எழுதப்போகிற எந்த நிரலையும்விட அது உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

சத்தீஸ்கரில் இன்னொன்று. பி.பி.சி.யில் நிருபராக இருந்த சுப்ரான்ஷு சவுத்ரி 2010-இல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா'. பழங்குடி மக்கள் ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள்; கணினி திரும்ப அழைக்கும். பேச ஒன்றை அழுத்து, கேட்க இரண்டை அழுத்து. கோண்டி மொழியில்கூடச் சொல்லலாம். கூலி வரவில்லை, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லை என்று ஒருவர் பேசினால், சரிபார்க்கும் ஆட்கள் விசாரித்துவிட்டு வெளியிடுவார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரியின் போன் நம்பரும் கூடவே போகும், கேட்கிறவர்கள் அவரை அழைப்பார்கள். சாதாரணப் பட்டன் போனே போதும். அமைப்புக்குத்தான் செலவு, ஏனென்றால் திரும்ப அழைக்கிற காசு அவர்களுடையது. வருகிற அழைப்பு கூடக் கூட பில்லும் கூடும். வெற்றி பெற்றால் நஷ்டம் வரும் ஏற்பாடு இது. தொண்டு நிறுவனங்களின் தொழில்நுட்பத்தில் பாதி இந்தக் கணக்கில்தான் தடுக்கி விழுகிறது.

அப்படியானால் புரோகிராம் எழுதத் தெரிந்தவனுக்கு இங்கே வேலை இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் சில வாரங்களில் 'சஹானா' என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளை எழுதினார்கள். காணாமல்போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், என்ன பொருள் எங்கே தேவை என்று பதியும் ஏற்பாடு. நிரல் எல்லோருக்கும் திறந்தது என்பதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. அதைப் பராமரிக்க 2009-இல் ஓர் அறக்கட்டளையே வந்தது. எழுதியவர்கள் தேவை இருந்த இடத்திலேயே இருந்தார்கள், தாங்கள் போன பிறகும் யாராவது எடுத்து நடத்தும்படி விட்டுப்போனார்கள். இந்த இரண்டும் உங்களால் முடியுமானால் தாராளமாகப் புதிதாக எழுதுங்கள்.

முடியாதென்றால், இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டம், விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கியை எடுத்துப் பயன்படுத்தியது. மிச்சமான உழைப்பை ஸ்கேன் செய்வதிலும் பட்டியலிடுவதிலும் போட்டார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டதை மனதில் வைத்திருப்பவர்களுக்கு எதில் அவசரம் என்று தெரிந்திருந்தது. களத்தில் தரவு எடுக்க ஓடிகே இருக்கிறது, கோபோ டூல்பாக்ஸ் இருக்கிறது. இரண்டும் சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை செய்யும், தமிழிலும் கேள்வி போடலாம். உங்கள் சொந்தச் செயலி இவற்றைவிட எதில் மேல் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

சிறு தொண்டு நிறுவனங்களில் இருக்கும் எங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டால், பதில் உங்களுக்குச் சுவாரசியமாக இருக்காது. நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி பெற்ற நிறுவனங்கள் 2021-22 நிதியாண்டிலிருந்து நன்கொடையாளர் ஒவ்வொருவரின் விவரத்தையும் படிவம் 10பிடியில் மே 31-க்குள் வருமான வரித்துறைக்குத் தர வேண்டும் என்று வந்தது. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். ஐநூறு ரூபாய் கொடுத்த பெரியவரின் பான் எண்ணைத் தேடி மே மாதம் முழுக்கக் கணக்காளர் போனில் இருப்பார். ரசீது போடும்போதே அந்த விவரம் ஓர் அட்டவணையில் ஒழுங்காக ஏறினால் போதும், அவருடைய கோடை விடுமுறை திரும்பக் கிடைக்கும். அதைச் செய்து தர ஒரு மாலைப்பொழுது ஆகும்.

அடுத்தது எழுத்துரு. பழைய நிறுவனங்களின் கணினியில் இருபது, முப்பது வருட அறிக்கைகள் வானவில், பாமினி என்று பலவகை எழுத்துருக்களில் கிடக்கின்றன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் அதற்கு முன்பு தட்டச்சு செய்தவை தாமாக மாறிவிடவில்லை. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து ஏதோ சங்கேதம் மாதிரி தெரியும். அந்த எழுத்துரு உள்ள கடைசிக் கணினியும் நின்றுவிட்டால் ஒரு நிறுவனத்தின் ஞாபகமே போய்விடும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன; உட்கார்ந்து மாற்ற ஆள்தான் இல்லை.

பெயர்கள் இன்னொரு கதை. நம் ஊரில் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துதான். படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று நீங்கள் வைத்துவிட்டால், களப்பணியாளர் ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு நகர்வார். சுய உதவிக் குழுவில் ஒரு லட்சுமி கணவரின் முதலெழுத்தோடும், ஆதாரில் அப்பாவின் முதலெழுத்தோடும், வங்கியில் எழுத்தே இல்லாமலும் இருப்பார். ஒரே ஊரில் ஐந்து லட்சுமி வேறு. போன் நம்பரை வைத்து அடையாளம் காணலாம் என்பீர்கள். அந்த நம்பர் மகனுடையது. ஓ.டி.பி. போகிறபோது மகன் திருப்பூரில் ஷிப்டில் இருப்பான்.

இனி எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் தரவு திருடப்பட்டது. போரிலும் பேரிடரிலும் பிரிந்துபோன குடும்பங்கள், காணாமல்போனவர்கள், காவலில் இருப்பவர்கள் என்று 5,15,000-க்கும் அதிகமானோரின் விவரங்கள். சுமார் 60 நாட்டுச் சங்கங்கள் திரட்டியவை. ஊடுருவியவர்கள் 2021 நவம்பரிலேயே உள்ளே வந்துவிட்டார்கள்; கண்டுபிடிக்க 70 நாள் ஆனது. சரிசெய்யும் திருத்தம் வெளியாகியும் நேரத்தில் போடாமல் விட்ட ஓர் ஓட்டை வழியாக வந்தார்கள். தனி வல்லுநர்கள் வைத்திருக்கிற அவ்வளவு பெரிய அமைப்புக்கே இந்த நிலை.

நம் பக்கத்தில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் போகிறது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணின் முகவரி, கடவுச்சொல் இல்லாத எக்செல் கோப்பில் ஐந்து பேர் மடிக்கணினியில் இருக்கிறது. இல்லத்துக் குழந்தைகளின் முகம் தெரிகிற படம் நன்கொடை கேட்கும் போஸ்டரில் வருகிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொண்டு நிறுவனங்களை ஒதுக்கி வைக்கவில்லை. விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எங்கள் பலருக்கு 25 லட்சமே ஒரு வருட பட்ஜெட். சட்டத்துக்குப் பயந்து என்பதைவிட, அந்தப் பெண்ணின் முகவரி வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்காகவாவது இதைச் செய்யுங்கள்: இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுங்கள், கோப்புகளை யார் திறக்கலாம் என்று வரையறுத்துக் கொடுங்கள், தேவையில்லாத தரவை வாங்கவே வேண்டாம் என்று எங்கள் செயலாளரிடம் சண்டை போடுங்கள். நாங்கள் சொன்னால் கேட்காதவர் கம்ப்யூட்டர்காரர் சொன்னால் கேட்பார்.

குற்றம் முழுக்க உங்கள் தலையில் இல்லை. பணம் தருகிறவர்கள் செயலிக்குத் தருவார்கள், அதைப் பராமரிக்கிற ஆளின் சம்பளத்துக்குத் தர மாட்டார்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. போன் கட்டணமும் மின்கட்டணமும் அலுவலகக் கருவிகளும் அந்த நிர்வாகச் செலவில்தான் சேரும். உள்நாட்டில் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பெரிய நிறுவனங்களைச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் வருடக் கணக்குக்கு வரும், மார்ச்சில் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும், திறப்புவிழாவும் கேட்கும். மூன்றாம் வருடம் சர்வர் வாடகை கட்டியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

இங்கேதான் எங்களால் முடியாத ஒன்று உங்களால் முடியும். உங்கள் கம்பெனியில் இந்தச் சமூகப் பணி நிதியைப் பார்த்துக்கொள்ளும் சி.எஸ்.ஆர். பிரிவு நீங்கள் வேலை செய்யும் அதே கட்டடத்தில் இருக்கிறது. அவர்களிடம் போய், புதுச் செயலிக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தில் தரவைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்ப் பெண் ஒருவரின் மூன்று வருடச் சம்பளத்துக்கு நிதி கேளுங்கள். பிளஸ் டூ முடித்த, எக்செல் தெரிந்த, அந்த ஊரிலேயே இருக்கப்போகிற ஒரு பெண். அரவிந்தின் மையங்களும் வில்லியனூர் மையங்களும் நடந்தது அப்படிப்பட்ட உள்ளூர்ப் பெண்களை நம்பித்தான்.

நீங்களும் வாருங்கள். பத்துப் பேராக ஒரு சனிக்கிழமை வருவதைவிட, ஒருவராக, மாதத்தில் இரண்டு மாலை, ஒரு வருடத்துக்கு வாருங்கள். முதல் மாதம் மடிக்கணினி வேண்டாம். களப்பணியாளரோடு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், அந்த நீள நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். என்ன செய்யலாம் என்று உங்களுக்கே புலப்படும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று தோன்றினால் அதையும் தைரியமாகச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்கள். மே மாதம் வேண்டாம், கணக்காளர் 10பிடியில் இருப்பார்.

அன்புடன்,
சிறு தொண்டு நிறுவனங்களின் பதிவேடுகளோடு காலம் தள்ளும் ஒருவர்